வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

உள்விசாரணைத் தாளின் கடைசிக் கேள்வி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு இந்த வருடத்துக்குள் தெரிந்துவிடும். குற்றச்சாட்டை வாசித்து, சாட்சிகளை விசாரித்து, தொழிலாளியிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு, பேனாவை மூடுவதற்கு முன்னால் கேட்போம்: 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' பெரும்பாலும் இல்லை என்பார்கள். 'இல்லை' என்று எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீ சொல்லி அனுப்புவோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியின் பணியாளர் துறையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். கம்பெனி வேறு இடத்துக்கு மாறியபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சட்டப் பிரிவுகளைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டு ஒருவருடைய வேலையைப் பறிக்க இருந்ததை மட்டும் சொல்கிறேன். நடந்து சில வருடம் ஆகிறது. இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

இந்த வேலையில் என்னைப் பழக்கியவர் எங்கள் பழைய பணியாளர் அதிகாரி. நல்ல மனிதர். பொய்ப் புகாரில் மாட்டிய பல பேரைக் காப்பாற்றியவர். முதல் விசாரணைக்கு என்னைக் கூட்டிப்போனபோது சொன்னார்: "பேப்பரை அப்புறம் பாரும்மா. முதல்ல ஆளோட கண்ணைப் பாரு. நேரா பார்த்துப் பேசினா பாதி உண்மை. சுவரைப் பார்த்துப் பேசினா முழுப் பொய்." அவர் சொன்னது பல முறை பலித்தது. அதனால்தான் அதை நான் சந்தேகப்படவே இல்லை. நல்லவர்கள் சொல்லித்தந்த தவறைக் கைவிடுவது கடினம்.

குமரேசன் பிரஸ் பிரிவில் ஆபரேட்டர். அப்போது முப்பத்திரண்டு வயது. முத்தாபுதுப்பேட்டைக்காரர். பெற்றோர் வயல் வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் நிரந்தர வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார். கேன்டீனில் ஜன்னலோர மூலையில்தான் உட்காருவார். அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் நின்றுகொண்டே சாப்பிடுவார். எல்லோரும் வைத்த பெயர் 'சாமியார்'.

"சாமியாரே, இன்னிக்கு இன்னா அருள்வாக்கு?" என்று யாராவது கேட்பார்கள்.

"இன்னிக்கு சாம்பார் சாதம், உருளைக்கெழங்கு" என்பார் குமரேசன்.

மேசை முழுக்கச் சிரிப்பு எழும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர் ஒவ்வொரு தட்டாகப் பார்ப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்களிடம் பொருள் வாங்கும் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு நாள் ஆடிட்டுக்கு வந்தார்கள். அவர்கள் பிரஸ் பிரிவுக்குள் நடந்துகொண்டிருந்தபோது குமரேசன் அவசர நிறுத்தத்துக்கான சிவப்புப் பட்டனை அழுத்தினார். ஆறு மெஷினும் நின்றன. பட்டனோடு புதிதாக இணைத்திருந்த சங்கு ஊளையிட்டது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"எவன்டா நிறுத்துனது?"

"நான்தான் சார்."

"இன்னா திமிர்டா உனக்கு! யாரு வந்துகினு கீறாங்கனு தெரியல?"

குமரேசன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே நடந்தார். வண்டி ஷெட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடம், யார் கூப்பிட்டும் வரவில்லை. வந்தவர்கள் அனைத்தையும் குறித்துக்கொண்டு போனார்கள். அன்று மாலையே குமரேசனைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். விசாரணை அதிகாரியாக என்னைப் போட்டார்கள்.

என் மேசையைச் சுற்றி ஐந்து பேர். தலைக்கு மேல் ஓர் ஆட்டங்கண்ட மின்விசிறி. குமரேசன் துணைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் கேள்விகளையும் அவர் பதில்களையும் இன்றும் என்னால் வரி மாறாமல் சொல்ல முடியும்.

பிரஸ் லைனை நிறுத்தியது நீங்களா? ஆமா.

நிறுத்த மேற்பார்வையாளரிடம் அனுமதி பெற்றீர்களா? இல்ல.

அனுமதியின்றி வேலையிடத்தை விட்டுச் சென்றீர்களா? ஆமா.

செய்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறீர்களா? இல்ல.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

கேள்வியைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "விருப்பம் இல்ல."

கேட்ட கேள்விகள் முடியும்வரை அவர் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. விசிறியைப் பார்த்தார், சுவர்க் காலண்டரைப் பார்த்தார், திரும்பவும் விசிறியைப் பார்த்தார். எனக்குச் சொல்லித்தந்த பாடம் என் காதில் ஒலித்தது. வாயால் திமிர் என்று சொல்வதை ஆபீஸ் தமிழில் எழுத நமக்கு வேறு சொற்கள் உண்டு. 'விசாரணை முழுவதும் அலட்சியப் போக்குடன் நடந்துகொண்டார். வருத்தம் தெரிவிக்கவில்லை. விளக்கமளிக்க வாய்ப்புக் கொடுக்கப்பட்டும் மறுத்தார். குற்றச்சாட்டுகள் நிரூபணமாகின்றன.' கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். அதற்கப்புறம் வருவது என்ன என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டு ஒரு நோட்டீஸ் போகும். அதுவும் ஒரு சம்பிரதாயம்தான்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர் தினமும் கேட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. முதல் ஷிப்டு தொடங்கும் ஏழு மணிக்கு முன்பே அவர் வந்து நிற்பார். நான் ஸ்கூட்டரில் நுழையும்போது என்னைப் பார்க்க மாட்டார். 'இன்னும் இறங்கி வரவில்லை' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவேன்.

அதே நாட்களில் காட்டுப்பாக்கத்தில் என் வீட்டிலும் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. என் மகள் மதி அப்போது பதினொன்றாம் வகுப்பு. மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. சீருடை போட்டுக்கொள்வாள், ஷூகூடப் போட்டுக்கொள்வாள், வாசற்கதவுக்கு முன்னால் நின்றுவிடுவாள். கெஞ்சினேன், கத்தினேன். "எதாவது சொல்லணும்னா சொல்லுடி" என்று தினமும் கேட்டேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் காலை, வேலைக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில், "இதுக்குப் பேரு திமிர்" என்று நானும் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, "ஒத்தைப் பொண்ணுன்னு செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று அறிவுரை சொன்னார்.

பள்ளியில்தான் ஒரு டீச்சர் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னார். அம்பத்தூரில் மாடியில் ஒரு சின்ன கிளினிக். வயதில் என்னைவிடச் சிறியவரான ஒரு பெண். மூன்று முறை மதியோடு உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டு ஆட்டிசம் என்று சொன்னார்.

நான் சண்டைக்கே போய்விட்டேன். "இவ நல்லா பேசுறா. நல்லா மார்க் வாங்குறா. அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு, அதுவும் ஆம்பளப் பசங்களுக்குத்தானே வரும்?"

"பொண்ணுங்களுக்கும் இருக்கும்மா. அவங்க மத்தவங்களைப் பார்த்துப் பார்த்து நடிச்சுப் பழகிடுவாங்க. அதனால வெளிய தெரிய லேட் ஆகும். நடிச்சு நடிச்சு ஒரு நாள் முடியாமப் போகும். இப்ப அதான்."

"நான் வேலைக்குப் போனதாலயா?"

"இல்லவே இல்ல. நீங்க வளர்த்த விதத்துல வர்றது இல்ல இது. பிறந்ததுலேருந்தே அவ மூளை வேலை செய்யற விதம் இது."

"எப்பக் குணமாகும்?"

அவர் சொன்னார்: "இது வியாதி இல்லம்மா, குணமாக்க. அவளோட கஷ்டத்தைக் குறைக்கலாம். அதுக்கு அவளை மாத்தப் பாக்கிறதைவிட, அவளைச் சுத்தி இருக்கிற சிலதை மாத்தினா போதும். என்னென்னனு அவளையே கேப்போம்."

மதியை உள்ளே கூப்பிட்டார். ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. "ஸ்கூல் கேட்டுக்குள்ள கால் வைக்கிறதுலேருந்து முதல் பீரியட் வரைக்கும் என்ன நடக்கும்? வரிசையா சொல்லு" என்றார்.

மதி சொன்னாள். பிரேயரில் அவள் வகுப்பு வரிசைக்கு நேர் மேலே புதிதாக ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்கள். அது கத்தும்போது பல் கூசுவதுபோலத் தலை முழுக்கக் கூசும். காதைப் பொத்தினால் ஒரு மிஸ் வந்து கையைத் தட்டிவிடுவார். அதற்கப்புறம் இரண்டு பீரியடுக்கு யார் பேசுவதும் புரியாது. அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

"மூணு வாரமா நான் கேட்டேனேடி! சொல்லணும்னா சொல்லுன்னு தினம் கேட்டேனே!"

அவள் அந்த அறையிலிருந்த மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொல்லணும்னா சொல்லுன்னு சொன்ன. எனக்குச் சொல்லணும்னு இல்லம்மா. அதான் சொல்லல."

அவள் குரலில் திமிர் இல்லை, கோபம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது. அதே பதிலை நான் ஏற்கெனவே குமரேசன் வாயால் கேட்டிருந்தேன். என் கையால் எழுதியும் இருந்தேன். விருப்பம் இல்லை.

ஆட்டோவில் திரும்பும்போது மதுரவாயல் பாலத்தடியில் சிக்னல் விழுந்தது. சுற்றிலும் ஹாரன். மதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பதினாறு வருடமாக என் பக்கத்தில் இப்படித்தான் பொத்திக்கொண்டு வந்திருக்கிறாள். கையை எடு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நானும் தட்டிவிட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை கேட்டுக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். குமரேசன் வந்து கையெழுத்துப் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு ஒரு நிமிடம் முன்னதாக இரண்டு விரலையும் காதுக்குள் வைத்தார். ஷிப்டு சங்கு ஊதி ஓய்ந்த பிறகு எடுத்தார். இத்தனை நாள் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குமரேசனுக்கு ஆட்டிசமா என்று எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. அவர் எந்தப் பரிசோதனைக்கும் போனதில்லை, போ என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒருவரிடம் புரியும்படி கேள்வி கேட்க டாக்டர் சீட்டு எதற்கு?

மேலாளரின் அறைக்குப் போனேன். நோட்டீஸ் டைப் ஆகி, கையெழுத்துக்காக மேசைமேல் இருந்தது. விசாரணையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்றேன்.

"நீங்க எழுதுன ரிப்போர்ட்டை நீங்களே தப்புன்னு எழுதித் தருவீங்களா மேடம்?"

"தரேன் சார்."

"பதிவுல நிக்கும். யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டேன். நான் அவரை விசாரிக்கவே இல்ல சார். ஆமா, இல்லனு வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நோட்டீஸை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

இரண்டாவது விசாரணையை ஸ்டோர் பக்கத்து அறைக்கு மாற்றினேன். அங்கே விசிறி இல்லை, ஜன்னல் இருந்தது. குமரேசனின் நாற்காலியை ஜன்னல் பக்கம் பார்த்துப் போட்டேன். என்னைப் பார்க்க வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்குக் காலைல நீங்க உள்ள வந்ததுலேருந்து என்ன நடந்ததுனு வரிசையா சொல்லுங்க."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கேட்டில் எத்தனை கார் நின்றது என்பதிலிருந்து தொடங்கினார். யாரும் குறுக்கே பேசவில்லை.

"ஷிப்டு மீட்டிங்ல சார் இன்னா சொன்னார்னா, 'இன்னிக்கு ஆடிட்டு. கார்டு இல்லாம ஒரு மிஷின் ஓடக் கூடாது. ஓடிச்சினா எவனா இருந்தாலும் செவப்பு பட்டனை அமுக்கு. என்னாண்ட வந்து கேட்டுகினு நிக்காத'னு சொன்னார். எல்லாரும் சரினாங்கோ. நானும் சரின்னேன். பதினோரு மணிக்கு நாலாவது மிஷின்ல கார்டைக் கழட்டிக் கீழ வச்சிட்டு ஓட்டிகினு இருந்தாங்கோ. அமுக்கினேன். லைன் நின்னதும் அதை ஓட்டினவரே கார்டை எடுத்து மாட்டிட்டார்."

கார்டு என்பது பிரஸ்ஸின் வாய்க்குள் விரல் போகாமல் தடுக்கும் இரும்புத் தடுப்பு. அது இருந்தால் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும் என்பதால் கழற்றி வைப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். ஆடிட் அன்று மேற்பார்வையாளர் பேசுவது ஆடிட்டுக்காகப் பேசுவது. அதுவும் எல்லோருக்கும் தெரியும். அந்த மீட்டிங்கில் குமரேசன் ஒருவர்தான் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டவர்.

மேற்பார்வையாளரைப் பார்த்தேன். "இப்படிச் சொன்னீங்களா?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "சொன்னேன் மேடம். வருசா வருசம் சொல்றதுதான். அதுக்கோசரம் நெஜமாவே அமுக்குவானா? இது ஆடிட்டுக்குச் சொல்றதுனு தெரிய வேணாமா?"

"எப்படி சார் தெரியும்?" என்றார் குமரேசன். "நீங்க அதைச் சொல்லலியே."

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு அவர்தான் சொன்னார்: "இவன் நடு மிஷின்ல நின்னா ஒரு மாதிரி ஆயிடுவான் மேடம். அதான் வந்த புதுசுலயே ஓரத்து மிஷினைக் குடுத்துட்டேன். ஏன்னு எனக்குத் தெரியாது. அங்க நின்னா நல்லா செய்வான்." ஒன்பது வருடமாக அவர் அறிந்து வைத்திருந்ததை, ஒரு சத்தத்தில் அவரே மறந்துபோனார்.

கடைசிக் கேள்விக்கு வந்தேன். தாளில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, "நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"என்னது?"

"ஷெட்டாண்ட எதுக்குப் போனேன்னு நீங்க கேக்கல."

"எதுக்குப் போனீங்க?"

"அந்தப் புதுச் சங்கு ஊதிச்சினா தல உள்ள கீறிவுட்ட மாரி இருக்கும். சாரும் கத்தினார். அங்கயே நின்னா கீழ வுழுந்துடுவேன்னு தோணிச்சு. செவுத்தைப் பாத்துகினு உக்காந்தா சரியாப் பூடும். சரியானதும் வந்தேன்."

"இதையெல்லாம் முதல் விசாரணையிலயே ஏன் சொல்லல?"

"விருப்பமானு கேட்டீங்க மேடம். ஃபேன் வேற டக்கு டக்குனு அடிச்சிகினு இருந்துச்சு. பேச விருப்பம் இல்ல."

வேலை திரும்பக் கிடைத்தது. வேலையிடத்தை விட்டுப் போனதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது வேண்டாம் என்று வாதாடித் தோற்றேன். சங்கை வேறு பக்கம் திருப்பி வைத்தார்கள். என் பழைய அறிக்கையைக் கிழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அது கோப்பில் இருக்கட்டும்.

அதற்கப்புறம் ஆபீஸில் என்னிடம் வந்து கேட்டார்கள். "அவருக்கு அந்த வியாதியா மேடம்?" என்றார் ஒருவர். "அப்ப மூளை கம்ப்யூட்டர் மாதிரி இருக்குமே, தேதி சொன்னா கிழமை சொல்வாரா?" என்று இன்னொருவர். ஒன்று பரிதாபம், இல்லையென்றால் சர்க்கஸ். குமரேசனின் கணக்கு சுமார்தான். மதிக்கும் அப்படித்தான். உணர்ச்சியே இருக்காதாமே என்று கேட்டவரும் உண்டு. மூன்று வாரம் கதவுக்கு முன்னால் சீருடையோடு நின்ற பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆளை அந்தக் கேள்வியோடு விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மதி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பள்ளியில் அவளைப் பிரேயரின்போது வகுப்பிலேயே இருக்க விட்டார்கள், அது போதுமானதாக இருந்தது. இன்னும் இரண்டு வருடத்தில் வேலைக்குப் போவாள். நான் ஏன் இதை உங்களுக்கு எழுதுகிறேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அவள் உங்களில் ஒருவர் முன்னால் வந்து உட்காருவாள். நேர்காணலாக இருக்கலாம், விசாரணையாகவும் இருக்கலாம். உங்களைப் பார்க்க மாட்டாள். விசிறியைப் பார்ப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அப்போது உங்கள் பேனா எந்தச் சொல்லை எழுதும் என்ற பயம் எனக்குப் போகவில்லை. ஏனென்றால் என் பேனா எதை எழுதியது என்று எனக்குத் தெரியும்.

குமரேசன் வேலைக்குத் திரும்பிய வாரம் ஸ்டோர் வாசலில் அவரை நிறுத்தினேன்.

"என் மேல கோவமா?"

"ஆமா."

மற்றவர்களாக இருந்தால் அதெல்லாம் இல்லை மேடம் என்றிருப்பார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

"எப்ப போகும்?"

"தெரியல மேடம். போச்சினா சொல்றேன்."

நான் ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது குமரேசன் நின்றுகொண்டிருந்தார். அவர் ஷிப்டு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்திருந்தது.

"கோவம் எப்ப போகும்னு கேட்டீங்களே மேடம். இன்னும் கொஞ்சம் கீது. நாளைலேருந்து நீங்க வரமாட்டீங்கனு போர்டுல போட்ருந்தாங்கோ. அதான் சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன்."

"முழுசாப் போனா எப்படிச் சொல்வீங்க?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை போலிருக்கிறது. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கைபேசியை எடுத்து என் எண்ணைக் கேட்டார். ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பதிந்துகொண்டார். அவர் எண்ணை நானும் பதிந்துகொண்டேன்.

அழைப்பு இன்னும் வரவில்லை. கோபம் போகாமலே போய்விட்டது என்று சொல்கிற ஆள் இல்லை அவர். அதனால் போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பெயரைப் பார்க்கிறேன்.